ஜே டில்லா: மருத்துவமனைக் கதையை ஓரமாக வைத்துவிட்டு, அவர் செய்த வேலையைப் பேசுவோமா?

தாளம்_தப்பியவன் (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வொரு பிப்ரவரியும் இதே கூத்துதான். ஹிப் ஹாப் இசைத் தயாரிப்பாளர் டில்லா பிறந்தது பிப்ரவரி 7, இறந்தது பிப்ரவரி 10. அந்த நாட்களில் என் பக்கம் முழுக்க ஒரே படம் ஓடுகிறது: மருத்துவமனைக் கட்டில், மடியில் ஒரு சாம்ப்ளர் (பழைய ரெக்கார்டுத் துணுக்குகளை வெட்டி வாசிக்கும் கருவி), சாகும் தறுவாயில் கடைசி ஆல்பத்தை முடிக்கும் இளைஞன். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உருக்கம் அதற்கு முந்தைய பத்து வருட வேலையை அப்படியே விழுங்கிவிட்டது. அந்தக் கடைசி ஆல்பமான 'டோனட்ஸ்' மட்டும் கேட்டுவிட்டு டில்லாவைத் தெரியும் என்று சொல்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களே வருவார்கள்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். ஜேம்ஸ் டெவிட் யான்சி 1974இல் பிறந்தவர். ஊர் டெட்ராய்ட், கிழக்குப் பகுதியில் கோனன்ட் கார்டன்ஸ் என்ற கறுப்பினக் குடியிருப்பு. அம்மா மோரின் ஓப்பரா பாடப் பயிற்சி எடுத்தவர். அப்பா ஜாஸ் பேஸ் வாசித்தவர். பெர்ஷிங் பள்ளிக்கூடத்தில் டி3, பாட்டின் என்று இரண்டு கூட்டாளிகள் கிடைத்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்த குழுதான் ஸ்லம் வில்லேஜ்.

அதே ஊரில் ஆம்ப் ஃபிட்லர் என்று ஒரு கீபோர்டு கலைஞர். அக்கம்பக்கத்துப் பையன்களை வீட்டுக்குள் விட்டு, தன்னுடைய அகாய் எம்.பி.சி. கருவியில் (பேடு எனும் பொத்தான்களைத் தட்டி டிரம்மையும் ரெக்கார்டுத் துணுக்குகளையும் வாசிக்கும் சாம்ப்ளர்) கைவைக்க அனுமதித்த மனிதர். டில்லா அந்தக் கருவியைக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். 1994இல் ஃபிட்லர் பி-ஃபங்க் குழுவோடு லோலபலூசா சுற்றுப்பயணத்தில் இருந்தார். எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் (சுருக்கமாக ட்ரைப்) என்ற ராப் குழுவும் அதே பயணத்தில். அந்தக் குழுவின் க்யூ-டிப்பிடம் பையனை அறிமுகப்படுத்தி வைத்தார். டில்லாவின் கேசட் கைமாறியது. அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது.

1995இல் ஃபார்சைட் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் 'ரன்னின்', 'டிராப்' உள்ளிட்ட பாடல்களுக்கு பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) போட்டார். 1996இல் டி லா சோல் குழுவின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை'. அதே ஆண்டு ட்ரைப்பின் நான்காவது ஆல்பம். 2000இல் ராப்பர் காமனின் 'தி லைட்', பாடகி எரிகா பாடுவின் 'டிடின்ட் சா நோ', ஸ்லம் வில்லேஜின் இரண்டாவது 'ஃபன்டாஸ்டிக்'. அப்போது ஆளுக்கு வயது 26.

என் கட்சி இதுதான்: டில்லா என்ன செய்தார் என்பதற்கான பதில் 1995 முதல் 2001 வரை உள்ள வேலையில் இருக்கிறது. 'டோனட்ஸ்' அதன் பின்குறிப்பு. சண்டைக்கு வரலாம்.

---

கடைசி_பெஞ்ச்

சண்டைக்கே வருகிறேன். நிஜமாகவே ஒரு சந்தேகம். மற்ற தயாரிப்பாளர்களைப் பாருங்கள்: டாக்டர் ட்ரே என்றால் ஒரு நிறுவனமே கட்டினார். டிம்பலாண்ட் என்றால் ரேடியோவைத் திறந்தாலே அவர் சத்தம்தான். இவருக்கு ஊருக்கே தெரிந்த ஹிட் எத்தனை? 'தி லைட்' ஒன்றுதான் நான் கேள்விப்பட்டது. அதையும் காமன் பாட்டு என்றுதான் தெரியும். இசைக்காரர்கள் மட்டும் கொண்டாடும் ஆள் என்றால் அதில் கொஞ்சம் மேட்டிமை வாசனை அடிக்கிறதே?

---

ஸ்காபரோ_சிவா

கடைசி பெஞ்ச் தம்பி, கேள்வி நியாயம்தான். ஆனால் ஹிட் கணக்கு வைத்து அளக்க முடியாத ஆள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: பாதி இடங்களில் அவருடைய பெயரே போடவில்லை.

நாங்கள் இஞ்சால டொரண்டோவில் கேசட் வாங்கி, உள்ளே இருக்கிற சின்ன எழுத்தை எல்லாம் வாசிக்கிற காலம் அது. டெட்ராய்ட் ஒன்றும் தூரம் இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் வின்சர் கனடா. ட்ரைப்பின் ஆல்பத்தைப் புரட்டினால் தயாரிப்பு என்ற இடத்தில் 'தி உம்மா' என்று இருக்கும். யாரடா இந்த உம்மா எண்டு தலையைச் சொறிவோம். க்யூ-டிப், அலி ஷாஹீத் முஹம்மத், ஜே டீ மூன்று பேருக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. (அப்போது டில்லாவின் பெயர் ஜே டீ. ஜெர்மைன் டுப்ரி என்ற இன்னொரு தயாரிப்பாளரும் ஜே.டி. எண்டதால் குழப்பம், பிறகுதான் ஜே டில்லா ஆனார்.) பல பீட் டெட்ராய்ட் நிலவறையில் ஒருவர் போட்டது, ரசிகர்களின் காதில் அது க்யூ-டிப்பின் வேலை.

அந்த நேரத்தில் ட்ரைப் ரசிகர்களுக்கே அந்த ஆல்பம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சத்தம் மங்கிப் போச்சு, பழைய துள்ளல் இல்லை, புதிதாக வந்த பொடியன் கெடுத்துப்போட்டான் எண்டு திட்டினவர்கள் கனபேர். புகழுக்குப் பெயர் இல்லை, திட்டுக்கு மட்டும் பெயர் தெரிந்திருந்தது.

பிறகு ஜானெட் ஜாக்சன் விவகாரம். 1997இல் வந்த 'காட் டில் இட்ஸ் கான்'. ஜோனி மிட்சலின் குரலை வைத்துச் செய்தது, க்யூ-டிப்பும் அதில் வருவார். ஆல்பத்தில் தயாரிப்பாளர் பெயர் ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ், ஜானெட். அது தன் வேலை என்று டில்லா பக்கம் சொன்னது, அவர்கள் மறுத்தார்கள். இன்றுவரைக்கும் தீராத வழக்கு. அந்த டிரம்மைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கோ. நான் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறேன்.

---

கஞ்சிரா_கலா

நடுவில் புகுகிறேன். எனக்கு ஹிப் ஹாப் வரலாறு அவ்வளவாகத் தெரியாது, கஞ்சிரா கற்றுக்கொள்கிறேன். என் தம்பி சொல்லித்தான் ஸ்லம் வில்லேஜ் கேட்டேன். முதல் பாட்டிலேயே 'இது என்ன, தாளம் நிற்கவில்லையே' என்று தோன்றியது. ஆனால் தலை மட்டும் தானாக ஆடுகிறது! எங்கே பிசகுகிறது என்று கைபோட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை.

என் கேள்வி: இது நம் அதீத எடுப்பு, அனாகத எடுப்பு மாதிரியான சமாச்சாரமா? பாட்டு சமத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ ஆரம்பிக்கிற மாதிரி?

---

பீட்_பாலு

கலா அக்கா, அருமையான கேள்வி. ஆனால் இரண்டும் வேறு. அனாகதத்தில் பாட்டு தள்ளி ஆரம்பித்தாலும் அது கணக்குக்குள் நிற்கிறது. அரை இடம், முக்கால் இடம் என்று நீங்கள் விரலில் காட்டலாம். டில்லா தள்ளுவது விரலில் காட்டவே முடியாத அளவு.

எம்.பி.சி. கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் புரியும். அது ஒரு பீட்டை (இங்கே பீட் என்றால் தாளத்தின் ஒரு எண்ணிக்கை) 96 துளிகளாகப் பிரித்துவைத்திருக்கிறது. நீங்கள் பேடைத் தட்டும்போது கொஞ்சம் முன்பின் ஆனால், 'டைமிங் கரெக்ட்' என்ற வசதி அதைப் பிடித்து இழுத்து அருகில் உள்ள பதினாறாம் பாகத்தில் உட்காரவைக்கும். பதினாறாம் பாகம் என்றால் நான்கு பீட் சுற்றில் பதினாறில் ஒன்று, அதாவது கால் பீட், 24 துளி. நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் ஒரு துளி சுமார் 7 மில்லி செகண்ட். ஆக ஸ்னேரை (டிரம் செட்டில் சுளீரென்று விழும் அடி) நான்கு துளி முன்னால் நகர்த்தினால் 28 மில்லி செகண்ட். காதுக்கு அது தனி அடியாகத் தெரியாது. 'ஏதோ அவசரப்படுகிறானே' என்ற உணர்ச்சியாகத்தான் தெரியும்.

இதோடு 'ஸ்விங்' என்று இன்னொன்று. இரண்டிரண்டு பதினாறில் இரண்டாவதை மட்டும் கொஞ்சம் தாமதமாக்குவது. பாட்டு முழுக்க ஒரே அளவில் ஸ்விங் வைப்பதுதான் எல்லோரும் செய்தது. டில்லா ஹை-ஹேட்டை (டிரம் செட்டின் ஜோடித் தட்டு) நேராக ஓடவிட்டு, ஸ்னேரை முன்னால் இழுத்து, கிக்கை (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) அதன் இஷ்டத்துக்கு அலையவிட்டு, பேஸை எல்லோருக்கும் பின்னால் நடக்கவிடுவார். ஒரே பாட்டில் இரண்டு மூன்று விதமான காலம். நீங்கள் கைபோட்டபோது எதைப் பிடித்துப் போட்டீர்களோ அதற்கு மற்றது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

'கரெக்ஷனை அணைத்துவிட்டுக் கையால் வாசித்தார்' என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். பாதி உண்மை. டான் சார்னஸ் 2022இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்: பல இடங்களில் கருவியின் வசதிகளையே பயன்படுத்தி, திட்டமிட்டு நகர்த்தியிருக்கிறார். கை சறுக்கியதால் வந்த அழகு என்று சொன்னால் அந்த ஆளின் மூளைக்கு மரியாதை இல்லாமல் போகும்.

---

தாளம்_தப்பியவன்

பாலு, இதைத்தான் நான் எழுத நினைத்தேன், எனக்குத் துளிக் கணக்கு வராது.

க்வெஸ்ட்லவ் இதைப் பற்றிச் சொன்ன கதை பிரபலம். ரூட்ஸ் குழுவின் டிரம்மர். 1995இல் ஃபார்சைட் குழுவோடு ஒரே மேடை. தன் கச்சேரி முடிந்து வெளியே வந்தவர், உள்ளே ஃபார்சைட் வாசிப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். குடித்துவிட்ட மூன்று வயதுக் குழந்தை கிக் டிரம்மை மிதிக்கிற மாதிரி இருந்தது என்பது அவர் விவரிப்பு. அதுவரை அவர் பயிற்சி எல்லாம் மெஷின் மாதிரி துல்லியமாக வாசிப்பதற்கு! அதற்கப்புறம் பாடகர் டி'ஆஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தில் அவர் வாசிப்பதைக் கேளுங்கள், அடி ஒவ்வொன்றும் தூங்கி வழிந்து வருவது போல இருக்கும். அந்த ஆல்பத்தில் தயாரிப்பாளராக டில்லாவின் பெயர் கிடையாது. ஆனால் அந்த இழுவை எங்கிருந்து வந்தது என்பதை வாசித்தவர்களே மறைக்கவில்லை.

க்வெஸ்ட்லவ், டி'ஆஞ்சலோ, கீபோர்டு கலைஞர் ஜேம்ஸ் பாய்ஸர், டில்லா நால்வரும் கும்ப ராசி என்பதால்தான் தங்கள் கூட்டத்துக்கு 'சோல்குவேரியன்ஸ்' என்று பெயரே வைத்தார்கள். நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோதான் ஜாகை. காமனின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லெட்', பாடுவின் 'மாமாஸ் கன்', 'வூடூ' மூன்றும் 2000இல் வந்தன, மூன்றிலும் அந்த ஸ்டுடியோவின் காற்று இருக்கிறது.

---

சும்மா_இருப்பவர்

நம் பஞ்சாங்கப்படி பார்த்தால் அந்த நால்வர் பிறந்தபோதும் சூரியன் மகரத்தில். 'மகரக் கோஷ்டி' என்று வைத்திருக்க வேண்டும்.

---

கடைசி_பெஞ்ச்

ஹாஹா. சரி, தாள விஷயம் ஒப்புக்கொள்கிறேன். படிக்கும்போது பின்னணியில் ஓடவிடுகிற இப்போதைய 'லோ-ஃபை' சேனல்களில் வரும் பீட் எல்லாம் இப்படித்தானே இருக்கிறது? அது டில்லாவிடமிருந்து வந்ததா? அப்படியென்றால் அந்தப் பாவமும் அவர் தலையில்தான்.

---

பீட்_பாலு

பாதிப் பாவம் அவருக்கு, மீதி ஜப்பானியத் தயாரிப்பாளர் நுஜாபெஸுக்கு. பிப்ரவரி 7, 1974. இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள், நம்புங்கள்.

ஆனால் லோ-ஃபை பையன்கள் எடுத்துக்கொண்டது மேல்பூச்சு. எல்லா டிரம்மையும் கன்னாபின்னாவென்று தள்ளிவிட்டு 'டில்லா ஃபீல்' என்று பெயர் வைக்கிறார்கள். எதுவுமே நேராக இல்லாவிட்டால் எதுவும் பிசகியதாகவும் தெரியாது. டில்லாவில் எப்போதும் ஏதாவது ஒன்று ஆணி அடித்த மாதிரி நிற்கும். நல்ல வாரிசுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜாஸ் பக்கம் போகவேண்டும். ராபர்ட் கிளாஸ்பர், கிறிஸ் டேவ், கரீம் ரிக்கின்ஸ். மெஷினில் ஒருவர் செய்ததை மனிதர்கள் கையால் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள், அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இன்னொரு விஷயம், பெயர் போடாத கதை பற்றி. எனக்கு அது வெறும் வரலாறு இல்லை. ஒரு வெப் சீரிஸுக்குப் பின்னணியில் நான்கு பீட் கொடுத்தேன். 'முதல்ல அனுப்புங்க ப்ரோ, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றார்கள். வந்த பிறகு பார்த்தால் இசை என்ற இடத்தில் வேறு ஒருவர். கேட்டால், 'அவர்தான் உங்களைக் கொண்டுவந்தார், அவர் டீமில் நீங்கள்' என்று பதில். இந்த உம்மா கதையைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிவதற்குக் காரணம் அதுதான். க்யூ-டிப் கெட்டவர் என்று சொல்லவரவில்லை. கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். ஆனால் திறந்தவர் வீட்டுப் பெயரில்தான் உள்ளே போன எல்லோரும் அறியப்படுவார்கள் என்பது இந்தத் தொழிலின் விதி.

---

மட்டுறுத்துநர்

மேலே வந்த டவுன்லோட் இணைப்பு நீக்கப்பட்டது. பீட் டேப்களின் திருட்டுப் பிரதிகளை இங்கே பகிர வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

ஸ்காபரோ_சிவா

பாலு தம்பி, கேட்கவே கஷ்டமாக இருக்கு. இனி பேப்பர் இல்லாமல் ஒரு ஃபைலும் அனுப்பாதையுங்கோ.

அந்த மட்டுறுத்துநர் தடுத்த சாமானே ஒரு காலத்தில் டில்லாவின் விசிட்டிங் கார்டு. அவர் நாளெல்லாம் பீட் போடுவார். சிலதுகளைச் சேர்த்து ஒரு டேப்பில் பதிந்து ராப்பர்களுக்குக் கொடுப்பார். ஒவ்வொரு பீட்டும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான். பஸ்டா ரைம்ஸ் போல ஆட்கள் அதைக் கேட்டுத் தங்களுக்குப் பிடித்ததை எடுப்பார்கள். எடுக்காதது அப்படியே கிடக்கும், பிரதிக்குப் பிரதி ஊர் சுற்றும். ஸ்லம் வில்லேஜின் முதல் 'ஃபன்டாஸ்டிக்' கூட 90களின் பிற்பகுதியில் அப்படித்தான் கேசட்டாகச் சுற்றியது. ஒழுங்கான வெளியீடு வருவதற்கு முன்பே க்வெஸ்ட்லவ், டி'ஆஞ்சலோ எல்லாரிடமும் அது போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே ஹிட் எத்தனை என்ற கேள்விக்கு என்னுடைய பதில்: அவருடைய சந்தை வேறு. வாங்கின ஆட்கள் குறைவு, ஆனால் வாங்கினவன் ஒவ்வொருவனும் இசைக்காரன்.

அடுத்தது பெரிய கம்பெனி ஆசை. இதை யாரும் பேசுவதில்லை. 2001இல் 'வெல்கம் டு டெட்ராய்ட்' என்று பிபிஈ என்ற லண்டன் லேபலில் தன் பெயரில் ஆல்பம் போட்டார். பிறகு எம்.சி.ஏ. என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம். அங்கே அவர் செய்ய ஆசைப்பட்டது என்ன தெரியுமா? ராப் பாட! மற்றவர்கள் போட்ட பீட்டில் தான் பாடுகிற ஒரு ஆல்பம். ஊர் உலகமெல்லாம் இவருடைய பீட்டுக்கு ஏங்குது, இவர் மற்றவனின் பீட்டுக்குப் போறார். கம்பெனிக்குத் தலைகால் புரியவில்லை. எம்.சி.ஏ.யே 2003இல் கெஃபன் என்ற இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துபோச்சு. அந்த ஆல்பம் அலுமாரிக்குள் கிடந்து, அவர் செத்துப் பத்து வருடம் கழித்து 2016இல் 'தி டயரி' என்று வந்தது. கேட்டேன். பரவாயில்லை ரகம். அவர் ராப்பைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம்.

அந்தக் கோபத்தில் 2003இல் 'ரஃப் டிராஃப்ட்' என்று ஒரு சின்ன வெளியீட்டைத் தானே ஏற்பாடு பண்ணிப் போட்டார். அழுக்கான சத்தம், கரகரப்பு. அதே ஆண்டு இன்னொரு தயாரிப்பாளர் மேட்லிப்போடு 'சாம்பியன் சவுண்ட்'. இவர் பீட்டில் அவர் ராப், அவர் பீட்டில் இவர் ராப். இருவரும் அதிகமாக ஒரே அறையில் இருந்து செய்ததும் இல்லை, ஆளுக்கு ஆள் அனுப்பிச் செய்தது. தாளம் தப்பியவன் 2001ஓட கோடு கிழிக்கிறது எனக்குச் சம்மதமில்லை. ரஃப் டிராஃப்ட் இல்லாமல் டோனட்ஸ் இல்லை.

---

தாளம்_தப்பியவன்

சிவா அண்ணை, கோட்டை 2003 வரை நகர்த்துகிறேன். அதற்கு மேல் தாண்ட மாட்டேன்.

---

கடைசி_பெஞ்ச்

அப்போது அந்த டோனட்ஸ் கதையில் எது உண்மை, எது கட்டுக்கதை? யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள். நான் கேட்டபோது உண்மையில் சலிப்பாக இருந்தது. 31 துண்டு, பெரும்பாலானது ஒன்றரை நிமிடத்தில் வெட்டுப்படுகிறது. ஒரு பாட்டு பிடிக்க ஆரம்பிக்கும்போது அடுத்தது வந்துவிடுகிறது. யாரும் பாடவும் இல்லை.

---

ஸ்காபரோ_சிவா

நோய் உண்மை. 2002இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்ததும் உடம்பு சரியில்லாமல் போனது. டிடிபி என்று சுருக்கமாகச் சொல்லும் அரிய இரத்த நோய், இரத்தத் தட்டணு சம்பந்தப்பட்டது. பிறகு லூபஸும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) சேர்ந்தது. 2004இல் லாஸ் ஏஞ்சலஸ் போய் காமனோடு ஒரே வீட்டில் இருந்தார். மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாகக் காலம் போச்சு, அம்மா டெட்ராய்ட்டிலிருந்து வந்து கூடவே இருந்தார். 2005 கடைசியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஐரோப்பிய மேடைகளில் பாடினார். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆவது பிறந்தநாள் அன்று டோனட்ஸ் வந்தது. மூன்றாம் நாள் வீட்டில் இறந்தார்.

மருத்துவமனைக்கு ஒரு சின்ன சாம்ப்ளரும் 45 ஆர்.பி.எம். ரெக்கார்டுத் தட்டுகளும் போனதாக அம்மாவும் நண்பர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முழு ஆல்பமும் கட்டிலில் செய்யப்பட்டது என்பது பிறகு ஊதிப் பெருக்கினது. சார்னஸின் விசாரிப்புப்படி மூல பீட் தொகுப்பு வீட்டிலேயே போட்டது. அதை ஆல்பம் நீளத்துக்கு விரித்து, வெட்டிச் சேர்த்ததில் ஸ்டோன்ஸ் த்ரோ லேபலின் ஜெஃப் ஜாங்குக்கும் பங்கு இருக்கு.

---

தாளம்_தப்பியவன்

சலிப்பு என்று சொன்ன கடைசி பெஞ்சுக்கு: ஆல்பத்தை விடுங்கள். 'டோன்ட் க்ரை' ஒன்றை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட இல்லை.

எஸ்கார்ட்ஸ் என்ற சோல் குழுவின் பாட்டை எடுத்திருக்கிறார், 'நீ அழுவதைப் பார்க்க என்னால் முடியாது' என்பது அதன் பல்லவி. முதல் பாதியில் கிட்டத்தட்ட அப்படியே ஓடவிடுகிறார். 'இதோ பார், என் கையில் இருக்கும் சாமான் இதுதான்' என்று காட்டுகிற மாதிரி. அப்புறம் அதே பாட்டைக் கண்டந்துண்டமாக நறுக்குகிறார். ஒரு எழுத்து, ஒரு பெருமூச்சு, ஒரு டிரம் அடி, பாதி அறுந்த ஸ்வரம் என்று எல்லாவற்றையும் பேடில் பிரித்துப்போட்டு வேறு வரிசையில் தட்டுகிறார். சொற்கள் போய்விட்டன, குரலில் இருந்த விம்மல் மட்டும் அப்படியே நிற்கிறது. நறுக்கிய இடம் எதுவும் உறுத்தாது. மூலத்தை முதலில் கேட்கவைத்ததால்தான் இரண்டாம் பாதியில் அவர் கை என்ன செய்தது என்று நமக்குத் தெரிகிறது. மற்ற புரொடியூசர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒளித்துவைப்பார்கள், இவர் விரித்துக்காட்டிவிட்டுச் செய்கிறார்.

இதைச் செய்யப் படுத்த படுக்கை தேவையில்லை, 15 வருடக் கைப்பழக்கம் தேவை. 'ரன்னின்' பாட்டில் ஸ்டான் கெட்ஸ், லூயிஸ் போன்ஃபா ரெக்கார்டில் இருந்து அந்த கிடார் துணுக்கை எடுத்தபோதே அந்தக் கை வந்துவிட்டது. மரணத்தை வைத்து இதை விளக்குவது எனக்கு எரிச்சல்.

---

கஞ்சிரா_கலா

இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன். இரண்டாம் பாதியில் எனக்கு மோரா வாசிப்பது மாதிரி கேட்டது, ஆனால் கணக்கு எங்கேயும் முடிகிற மாதிரி இல்லை. இன்னும் பத்து தடவை கேட்கவேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தாளம் தப்பியவன். சாகப்போகிறோம் என்று தெரிந்த ஒருவர், 'அழாதே' என்ற பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார். கூடவே அம்மா இருக்கிறார். அதை வெறும் கைப்பழக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்கிறவர்களுக்கு உருக்கம் வந்தால் அது கட்டுக்கதையின் குற்றமா?

---

தாளம்_தப்பியவன்

குற்றம் இல்லை. அது மட்டுமே போதும் என்று நின்றுவிடுவதுதான் எனக்குப் பிரச்சினை. நாம் இரண்டு பேரும் இதில் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

---

பீட்_பாலு

உருக்கத்தால் யாருக்கு லாபம் என்றும் பார்க்கவேண்டும். டில்லா இறந்தபோது அரசுக்குக் கட்டவேண்டிய வரி பாக்கி நின்றது. சொத்தை நிர்வகித்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவரவில்லை, மகன் பெயரை அம்மா பயன்படுத்தவே சிக்கல் என்ற நிலை. இது பத்திரிகைகளில் வெளிப்படையாக வந்தது. 'டில்லா என் வாழ்க்கையை மாற்றினார்' என்று எழுதிய டீ-ஷர்ட் உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்த அதே சமயம், பெற்றவள் பணத்துக்குக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். டில்லாவின் ரெக்கார்டு சேகரிப்பில் ஒரு பகுதி வாடகை கட்டாத கிடங்கில் கிடந்து, வாங்கிய கடைக்காரருக்கே பிற்பாடுதான் யாருடையது என்று தெரிந்தது.

ஒரே ஆறுதல், அந்த எம்.பி.சி. 3000ஐ அம்மா ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார். வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

---

சும்மா_இருப்பவர்

ஹிப் ஹாப் என்றாலே நம் ஊருக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்கு: பிளாக் ஐட் பீஸ் 2003இல் போட்ட 'எலிஃபங்க்' ஆல்பத்தின் 'எலிஃபங்க் தீம்' நம் இளையராஜா. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டிலிருந்து எடுத்தது. டில்லாவின் கூட்டாளி மேட்லிப் 2007இல் இந்தியத் திரைப்பாட்டு ரெக்கார்டுகளை வெட்டியே ஒரு முழு ஆல்பம் போட்டார். டில்லா இருந்திருந்தால் ராஜா சாரின் 80களில் கைவைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

---

கடைசி_பெஞ்ச்

சரி, எல்லோரும் சேர்ந்து என்னைக் கேட்கவைத்துவிட்டீர்கள். எந்த வரிசையில் கேட்பது? டோனட்ஸிலிருந்து வேண்டாம் என்று புரிந்தது.

---

தாளம்_தப்பியவன்

'ரன்னின்', 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை', 'தி லைட்'. மூன்றும் குரலோடு இருப்பதால் பிடி கிடைக்கும். அப்புறம் ஸ்லம் வில்லேஜின் இரண்டாவது ஃபன்டாஸ்டிக்கை முழுசாக. வரிகள் சுமார்தான், பெண்களைப் பற்றிப் பேசுவது சில இடத்தில் முகம் சுளிக்கவைக்கும். டிரம்மைக் கவனியுங்கள். அதன் பிறகு சிவா அண்ணைக்காக ரஃப் டிராஃப்ட்.

---

ஸ்காபரோ_சிவா

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதையுங்கோ, பேஸ் ஒரு துளியும் வராது. பிறகு வந்து சலிப்பு எண்டு எழுதுவியள்.

---

கஞ்சிரா_கலா

பாலு, அந்தத் துளி நகர்த்துகிற வசதி இலவச மென்பொருள் எதிலாவது உண்டா? கஞ்சிராவை ரெக்கார்டு செய்து, ஒரு அடியை மட்டும் தள்ளிப்பார்க்க ஆசை.

---

பீட்_பாலு

உண்டு அக்கா. எந்த ரெக்கார்டிங் மென்பொருளிலும் 'ஸ்னாப்' என்பதை (அடியைத் தானாகக் கட்டத்தில் உட்காரவைக்கும் வசதி) அணைத்துவிட்டால் அடியை மவுஸால் இழுக்கலாம். முதலில் மெட்ரோனோமை 88இல் வைத்து நேராக வாசியுங்கள். பிறகு சாப்பை மட்டும் 20 மில்லி செகண்ட் முன்னால் இழுங்கள், மற்ற அடிகள் அப்படியே இருக்கட்டும். 40ஐத் தாண்டினால் பிசகாகக் கேட்கும். ஃபைலை இங்கேயே போடுங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.